உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது, நோயாளிக்குப் போய்ச் சேரத்தான் நாளாகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ராணிப்பேட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஏரிக்கு வரும் கால்வாயில் முள் வெட்டுவது, குளம் தூர் வாருவது, ரோட்டோரப் புதர் எடுப்பது, மரக்கன்றுக்குக் குழி தோண்டுவது, இதுதான் எங்கள் வேலை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அதிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். மழை விட்டுக் குளிர் தொடங்குகிற நேரத்தில் வருஷா வருஷம் இவர்களில் சிலரைப் படுக்கையில் தள்ளுகிற ஒரு காய்ச்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள், தமிழில் உண்ணிக் காய்ச்சல். டெங்குவைப் பற்றி ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், டயரில் தண்ணீர் நின்றால் ஓடி வந்து சொல்லும். இந்தக் காய்ச்சலின் பெயரைச் சொன்னால் படித்தவர்களே அது என்ன என்று கேட்கிறார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது, விலையும் குறைவு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நோயாளிக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவில் ஒரு வாரம், பத்து நாள் வீணாகப் போய்விடுகிறது. அந்தப் பத்து நாளில்தான் நுரையீரலும் கிட்னியும் கெடுகின்றன, நகையும் அடகுக்குப் போகிறது. இதைக் குறைக்கப் புதிதாக எந்தக் கட்டடமும் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே வீடு வீடாக வருகிறவர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னாலே போதும்.

முதலில் இது எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இதைப் பற்றித் தப்பான பேச்சு நிறைய. நாய் காதிலும் மாட்டு மடியிலும் ஒட்டிக்கொண்டு கடலைப் பருப்பு அளவுக்கு வீங்கியிருக்குமே, அந்த உண்ணி இல்லை இது. புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், வெறும் கண்ணால் பார்ப்பது கஷ்டம். எலி நடமாடும் இடமெல்லாம் இது இருக்கும், வரப்பு, கரம்பு, விறகுக் குவியல், வைக்கோல் போர், வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடக்கிற செடி கொடி எல்லாமே. குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் கடிக்கும், கடித்ததே தெரியாது. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கும். ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியாதான் காரணம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, அதனால் நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டாம். தடுப்பூசி இதுவரை கிடையாது. ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்ற உத்தரவாதமும் இல்லை.

காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு வாந்தியும் இருமலும். இப்படித்தானே எல்லாக் காய்ச்சலும் இருக்கிறது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்கலாம். பூச்சி கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். பீடியால் சுட்ட மாதிரி நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, சின்னதாக. வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் அதைப் புண் என்றே எடுத்துக்கொள்வதில்லை. எல்லா நோயாளிக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால் அது இருக்கும் இடம். அக்குள், மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்னால். துணி இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் போய் நின்று கடிக்கிற பூச்சி அது.

என் சித்திக்கு இருந்தது பாவாடை நாடா கட்டுகிற இடத்தில். இடுப்பின் இடது பக்கம், நாடா அழுத்தி அழுத்தி ஏற்கெனவே கறுத்துத் தடித்திருந்த தோலில் இன்னொரு கறுப்பு. நாற்பது வருஷமாக நாடா கட்டுகிற இடுப்பில் அப்படி ஒரு பொருக்கு இருந்தால் எந்தப் பெண் அதைப் பெரிசாக நினைப்பாள்? சித்தி நினைக்கவில்லை, சித்தப்பாவுக்குத் தெரியவே தெரியாது. காய்ச்சல் வந்த அன்று சாயங்காலம் தெருமுனையில் ஊசி போடுகிறவரிடம் போனார்கள். ஊசி போட்டார், இரவு வியர்த்து விட்டது, காலையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், மத்தியானம் மறுபடி கொதித்தது. மறுநாளும் ஊசி. அப்புறம் ஒரு நாள் குளுக்கோஸ் பாட்டில். அப்புறம் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே டெங்கு பரிசோதனை எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. டைபாய்டு என்று வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஊசிகள் போட்டார்கள், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைகிறது என்றார்கள், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எங்களால் முடியாது, வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்தார்கள். இத்தனை நாளில், இத்தனை டாக்டரும் நர்சும் பார்த்ததில், ஒருத்தரும் சேலையைத் தளர்த்தி உடம்பைப் பார்க்கவில்லை. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த ஒரு சின்ன வயசுப் பெண் டாக்டர் திரையை இழுத்துவிட்டு, தலைமுடி முதல் கால் விரல் இடுக்கு வரை பார்த்தார். நாடாவை அவிழ்த்ததும் நின்றார். அன்றைக்கே மருந்து தொடங்கியது.

சித்தி பிழைத்துவிட்டார். ஐ.சி.யு. செலவுக்குத் தாலிச் சரட்டைத் தவிர எல்லா நகையும் போனது, ஒரு கறவை மாடும் போனது. பக்கத்து ஊரில் அதே மார்கழியில் அதே காய்ச்சலில் போன ஒரு அம்மாவுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. வேலூருக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, என்ன நோய் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்ததே காரியம் எல்லாம் முடிந்த பிறகு பரிசோதனை முடிவு வந்தபோதுதான்.

இதில் மனசை அறுக்கிற விஷயம், அந்த மருந்து எவ்வளவு சாதாரணமானது என்பது. டாக்சிசைக்ளின். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஐந்திலிருந்து ஏழு நாள். மெடிக்கலில் வாங்கினாலும் மாத்திரை சில ரூபாய்தான். எலிக்காய்ச்சலுக்கும் அதுதான் என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்து அலமாரியில் எப்போதும் இருக்கிற சரக்கு. நோய் முற்றுவதற்கு முன்னால் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள், அதுவும் அங்கேயே உண்டு. இந்தக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து வாழ்கிறதாம், அதனால் பெனிசிலின் வகை மருந்துகளும் செஃப்ட்ரியாக்சோன் மாதிரியான ஊசிகளும் இதன் மேல் வேலை செய்யாது. எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஏற்றினாலும் வேலை செய்யாது. சித்திக்கு டவுனில் ஏற்றியதெல்லாம் அந்த வகைதான். இந்த நோயை ஆன்டிபயாட்டிக்கால் குணப்படுத்த முடியும் என்று 1948இலேயே கோலாலம்பூரில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக் காட்டிவிட்டார்கள். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சிகிச்சையே இல்லாமல் விட்டால் சராசரியாக நூறு பேரில் ஆறு பேர் சாகிறார்கள் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள், சில இடங்களில் இதைவிடப் பல மடங்கு.

சரி, மக்கள் ஏன் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு (பி.எச்.சி.) போகாமல் ஊசி போடுகிறவரிடம் போகிறார்கள்? படிப்பறிவில்லாத ஜனங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. எங்கள் ஊரிலிருந்து பி.எச்.சி.க்கு பஸ் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. வெளிநோயாளிகளை டாக்டர் பார்ப்பது காலை நேரத்தில். நூறு நாள் வேலையிலோ காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ என்று செயலியில் ஏற்ற வேண்டும், அந்த இரண்டிலும் முகம் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அந்த போட்டோவை எடுக்கிறவளே நான்தான், அதனால் எனக்கு நன்றாகத் தெரியும், காய்ச்சலோடு வந்து போட்டோவுக்கு நின்றுவிட்டு மரத்தடியில் சுருண்டு படுத்துக்கொள்கிற பெண்கள் எத்தனை பேர் என்று. டாக்டரைப் பார்க்கப் போனால் கூலி போகும், போகாவிட்டால் காய்ச்சல் ஏறும். ஊசி போடுகிறவர் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடை திறக்கிறார், ஐந்து வீடு தள்ளி இருக்கிறார், கையில் காசு இல்லாவிட்டால் அடுத்த வாரம் கொடு என்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கிறார். ஏழைக்கு வேறு என்ன வேண்டும்? போலி டாக்டர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று எழுதுவது சுலபம், பிடிக்கவும் வேண்டும், ஆனால் அவர் இருந்த இடத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு யார் உட்காரப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, இந்தக் குளிர்கால மாதங்களில் மட்டுமாவது, சாயங்காலத்தில் காய்ச்சல் பார்க்க ஒரு டாக்டரை உட்கார வைக்க முடியாதா என்று கேட்கிறேன்.

இது ஏதோ அபூர்வமான நோய், ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது என்று நினைப்பவர்களுக்காகச் சில விவரங்கள். 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரி வரை குளிர்மாதங்களில் இந்தக் காய்ச்சல் பரவியதை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் அப்போதே பதிவு செய்திருக்கிறார்கள். ஆக இது நமக்குத் தெரிந்து கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. 2020 ஆகஸ்ட் தொடங்கி இரண்டு வருஷம், அதே சி.எம்.சி.யும் லண்டனில் உள்ள சுகாதாரக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2025இல் அந்த ஆய்வு வெளிவந்தது. கிராமத்து ஜனங்களில் பத்தில் ஒருவர் வரை ஒரே வருஷத்தில் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு லேசாக வந்து போய்விடுகிறது, அல்லது தெரியாமலே போகிறது, ஆனால் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்கிற அளவுக்குப் போகிறவர்களில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. நோய் முற்றி வருகிறவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று 2023இல் உலகத்துக்குச் சொன்னதும் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் நடத்திய ஆய்வுதான். நம் மண்ணில், நம் ஜனங்களை வைத்துக் கண்டுபிடித்ததெல்லாம் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் சுவரில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கொசுவைப் பற்றி மூன்று போஸ்டர் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் வருஷா வருஷம் மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மூளைக் காய்ச்சலில் செத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். என்ன காரணம் என்று ரொம்ப வருஷம் தெரியாமல் இருந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பிறகும் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது அதில் பாதிக்கு மேல் இந்த ஸ்க்ரப் டைபஸ்தான் என்று தெரிந்தது. அந்த ஆய்வுகளில் நம் சென்னையில் இருக்கிற தேசிய நோய்ப் பரவியல் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வயலில் விளையாடுகிற, மாட்டுக்குத் தீவனம் அள்ளுகிற, திறந்தவெளியில் மலம் கழிக்கப் போகிற, விறகை வீட்டுக்குள் அடுக்கி வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்று சொல்லாமல் சொல்கிற பட்டியல் அது. அதற்குப் பிறகு அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. காய்ச்சலோடு வருகிற குழந்தைக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் தொடங்குங்கள் என்று 2016 வாக்கில் வழிமுறை கொடுத்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் சாவு வெகுவாகக் குறைந்தது. தடுப்பூசி, குடிநீர், கழிப்பறை எல்லாம் சேர்ந்துதான் குறைந்தது என்பது உண்மை, ஆனால் மாத்திரையை நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் அதில் ஒன்று.

நமக்கு இது இன்னும் சுலபம், ஏனென்றால் நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் மட்டும் 8,700க்கு மேல். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் ஊருக்கும் ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். எங்கள் மகளிர் குழுவில் இருக்கிற பெண்தான். பி.பி. பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். இந்தத் திட்டத்தில் நிஜமாகவே பலன் இருக்கிறது. 2020இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. பிறகு எடுத்த கணக்கெடுப்பில் அது 17 சதவீதமாகியிருக்கிறது. இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய, ஆனால் வாசலுக்கு ஆள் வந்தால் நிலைமை மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதே தன்னார்வலர், பி.பி. பட்டையைக் கையில் கட்டும்போதே, வீட்டில் யாருக்காவது மூன்று நாளாகக் காய்ச்சல் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? இருக்கிறது என்றால், உடம்பில் எங்கேயாவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. பெண்ணுக்குப் பெண் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு நாடா கட்டும் இடத்தையும் ரவிக்கைக்குக் கீழேயும் பார்த்துவிட முடியும். பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பி.எச்.சி. டாக்டருக்குப் போன், டாக்டர் சொன்னால் அன்றைக்கே மாத்திரை. இதுதான் நான் கேட்பது.

இதற்குத் தன்னார்வலருக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கிற ஊக்கத்தொகைக்கு ஏற்கெனவே அதிகமாகவே நடக்கிறார்கள். எங்கள் நர்சம்மா நிலைமை இன்னும் மோசம். கர்ப்பிணிப் பதிவு ஒரு செயலி, தடுப்பூசி ஒரு செயலி, சர்க்கரை நோயாளிகளுக்கு வேறொன்று, எல்லாவற்றிலும் தினமும் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காமல் பள்ளிக்கூட மொட்டை மாடியில் போய் நின்று ஏற்றிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்துத் துணை நிலையத்தில் நர்ஸ் பணியிடம் காலி என்று அந்த ஊர்களையும் இவர் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, அந்தக் கணக்கு எழுதியவர் ஒரு நர்ஸ் ஒரு நிலையத்தைப் பார்ப்பார் என்று நினைத்துத்தானே எழுதியிருப்பார். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் எந்த நோயைத் தடுப்பதைப் பற்றியும் பேசிப் பிரயோஜனமில்லை.

பரிசோதனை பற்றியும் ஒன்று. எலிசா என்ற ரத்தப் பரிசோதனையில்தான் இதை உறுதி செய்கிறார்கள். காய்ச்சல் வந்து முதல் ஐந்தாறு நாளுக்குள் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்றே காட்டலாம், எதிர்ப்பு அணு அப்போதுதானே உண்டாக ஆரம்பிக்கிறது. அதோடு ஒரு தட்டில் பல மாதிரிகளைச் சேர்த்துத்தான் போடுவார்கள், போதுமான மாதிரி சேரும்வரை உங்கள் ரத்தம் ஃப்ரிட்ஜில் காத்திருக்கும். இதெல்லாம் தெரிந்துதான், சந்தேகம் இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்கலாம் என்று பெரிய டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் கீழே வேலை செய்கிற சின்ன டாக்டருக்கு, எழுத்தில் உத்தரவு இல்லாமல் கொடுத்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அதனால் சுகாதாரத் துறை ஒவ்வொரு பி.எச்.சி.க்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை தெளிவாக அனுப்பட்டும், குளிர்காலம் தொடங்கும் முன்பே அனுப்பட்டும். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் அது போகட்டும், ஏனென்றால் எங்கள் ஜனங்கள் பாதிப் பேர் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் அவசரம் வேண்டும். இந்தக் காய்ச்சலில் கரு கலைவதும் குழந்தை வயிற்றிலேயே இறப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 99.6 சதவீதம். அதாவது ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் நர்சம்மாவின் நோட்டில் இருக்கிறது, போன் நம்பரும் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரை, செக்கப்புக்கு வரும்போதெல்லாம் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதே என்று சொல்லி அனுப்பினால் போதும்.

வராமல் தடுப்பதைப் பற்றிச் சொல்லும்போது பெண்களையே குறை சொல்லும் போக்கு வந்துவிடக் கூடாது. முழுக்கைச் சட்டை போடு, புல்லில் உட்காராதே, வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணியை மாற்று, கழற்றிய துணியை வெயிலில் போடு. எல்லாம் சரியான ஆலோசனைதான், நானும் தினம் சொல்கிறேன், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற பழக்கம் எங்கள் தளத்தில் நன்றாகவே பிடித்துவிட்டது. ஆனால் மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார இடம் எங்கே இருக்கிறது? நாங்களே வெட்டிப் போட்ட புதருக்குப் பக்கத்தில், வேலிகாத்தான் நிழலில், வெறும் புல் தரையில்தான். ஒதுங்க வேண்டும் என்றாலும் அதே புதருக்குப் பின்னால்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் கழிப்பறைக்குள் விறகு இருக்கிறது, தண்ணீர் இல்லாத கழிப்பறையை வேறு எதற்கு வைத்துக்கொள்வார்கள்? குடத்துத் தண்ணீரில் அடுப்பு வேலை முடித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, மிச்சத்தில் முகம் கழுவுகிறவளிடம் சோப்புப் போட்டு நன்றாகக் குளி என்று நான் சொல்லும்போது எனக்கே வாய் வருவதில்லை. வீடுகளுக்குப் பின்னால் மண்டியிருக்கும் புதரை ஊராட்சி எடுக்கலாம், அது நூறு நாள் வேலையிலேயே செய்யக்கூடியதுதான். குப்பை எடுத்தால் எலி குறையும். மழைக்கு முன் செய்தால்தான் பயன், மழை முடிந்து தை மாதம் செய்தால் அந்த வேலைக்கு வருகிற பெண்களையே பூச்சிக்குக் கொடுத்தது மாதிரி ஆகும்.

கடைசியாக மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை, உங்கள் பத்திரிகை வழியாகப் போனால் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அதோடு உட்காரத் தளத்துக்கு இரண்டு தார்ப்பாயும், ஒரு டிரம் தண்ணீரும், சோப்பும் சேர்த்துக் கொடுங்கள். காய்ச்சலுக்காக பி.எச்.சி.க்குப் போன பெண் அங்கிருந்து சீட்டு கொண்டு வந்தால் அன்றைய கூலியைப் பிடிக்காமல் இருக்க வழி செய்யுங்கள். அப்படி ஒரு வழி இருந்தால் ஊசி போடுகிறவரிடம் போக வேண்டாம் என்று நான் அவர்களிடம் தைரியமாகச் சொல்லுவேன். பொருக்கின் படம் போட்ட அட்டை ஒன்றையும் கொடுத்தால், காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது எல்லோர் கையிலும் கொடுத்துக் காட்டிவிடுகிறேன், ஐந்து நிமிஷ வேலை.

இப்படிக்கு,
ஒரு பணித்தளப் பொறுப்பாளர்,
வாலாஜாபேட்டை அருகே, ராணிப்பேட்டை மாவட்டம்.